தகுதியில்லை என்று ஒரு விண்ணப்பம்

ஜீப் மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள் மறித்தாக வேண்டும். ஐயாக்கண்ணு சாலையை விட்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் விழுந்தடித்து ஓடினான். வலது கால் செருப்பு மேலே எங்கோ நின்றுவிட்டது. எஸ்டேட் ரைட்டர் என்ற கௌரவமும் அதோடு நின்றுவிட்டது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் அந்த ஜீப்பில் மானேஜர். அவர் பையில், சூப்பர்வைசர் வேலை கேட்டு நேற்று ஐயாக்கண்ணு கொடுத்த விண்ணப்பம். வேலை கிடைத்தால் ஒழுகாத ஓட்டு வீடு. கிடைக்காவிட்டால் இந்த 1983ஆம் வருட மழைக்கும் அதே லைன் வீடு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒழுகலுக்கு வைத்த அதே ஈயச் சட்டி.

வினை ஒரு தடிப் புத்தகத்தில் வந்தது. பழைய பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது. ஆதிகால அமெரிக்க ஜனாதிபதிகளின் கடிதங்கள், சொற்பொழிவுகள். முதல் ஜனாதிபதி பதவியேற்கும்போதே தன் தகுதிக் குறைவைச் சொல்லிக் குனிகிறார். நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. ஐயாக்கண்ணுவுக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து நாலு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினான். தன் குறைகளை எண்ணி நடுங்குவதாக. அந்த ஜனாதிபதி எழுதியது போலவே, தன் அத்திமர நிழலிலேயே இருந்துவிட உள்ளம் ஏங்குவதாக. அத்திமரம் என்ன, ஒரு முருங்கைக் கொம்புகூட அவனுக்குச் சொந்தமில்லை.

இன்று காலை அதைப் பெண்டாட்டி பொன்னாயிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். கண் கலங்குவாள் என்று நினைத்தான்.

"ஏனுங்க, லாயக்கில்லீன்னு நீங்களே எழுதிக் குடுத்துப்போட்டா, ஊடு மட்டும் எப்படிங்க குடுப்பாங்க?"

அப்போது பிடித்த ஓட்டம்தான்.

ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

"சார், அந்த லெட்டருங்க..."

"படிச்சுட்டேன் ஐயாக்கண்ணு." மானேஜரின் குரல் தழுதழுத்தது. "தன்னை இவ்வளவு சரியாத் தெரிஞ்சு வெச்சிருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. உன்னை வற்புறுத்த மாட்டேன்ப்பா. மேஸ்திரி மாதப்பன் ரெண்டே வரி எழுதியிருக்கான். 'இருபது வருஷமா இந்த வேலை தெரியும். கொடுத்தால் செய்வேன்.' அவனுக்கே போட்டுட்டேன்."

"சார், அது சும்மா ஒரு பணிவுக்குங்க!"

"பாத்தியா, இப்பவும் பணிவு!"

ஜீப் போய்விட்டது.

வீட்டில் பொன்னாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆமா, மாதப்பண்ணன் கைநாட்டுத்தானுங்களே? நொம்ப அழகா அந்த ரெண்டு வரிய எழுதிக் குடுத்த மகராசன் ஆருங்க?"

ஐயாக்கண்ணு ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு மாதப்பன் வந்து நின்றது, இவனுக்கெல்லாம் போய் ஜனாதிபதி நடையை வீணாக்குவானேன் என்று ஒரே நிமிடத்தில் ரெண்டு வரி கிறுக்கித் தள்ளியது, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"நான்தான்" என்றான்.