ஒன்பதரை அடி

எங்க வீட்டுக்காரர் அப்துல் ஜலீலுக்கு வீடு வாங்கத் தெரியாது, கேள்வி கேக்கத்தான் தெரியும். இருபத்து நாலு வருஷமா கத்தார்ல இருந்துகிட்டு போன்லயே குடும்பம் நடத்துற மனுஷன்.

"கமரு, ஃப்ளாட் பாக்கப் பகல்ல போ. எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லு. உன் பிரஷர் மாத்திரை அட்டையைக் கையில எடுத்துகிட்டு அடுப்படியில நில்லு. அதுல இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க முடியுதான்னு பாரு. அப்பறம் தரையில இருந்து சீலிங் வரைக்கும் டேப் வெச்சு அள."

"ஏன் மச்சான், வீட்டுக்குள்ள ஒட்டகமா வளக்கப் போறோம்?"

சிரிக்கல. உசரம்னு வந்துட்டா அவருக்குச் சிரிப்பே வராது.

எங்க பக்கத்துல பொண்ணுக்கு ஒரு வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் நிக்காஹ் பண்ணுவாங்க. எங்க அத்தா எனக்குக் கொடுத்த முத்துப்பேட்டை வீட்டை, போன வருஷம் எங்க ஒரே மக ஹுமைரா பேருக்கு எழுதியாச்சு. மருமகனும் வந்து குடியேறிட்டாரு. தங்கமான புள்ள, குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் ஆண்ட அடுப்படியில நானே சத்தம் போடாம பாத்திரம் எடுக்கணும்னா எனக்கு ஒத்து வருமா? என் வாய்க்கு அது முடியாது. அதான் தஞ்சாவூர்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஃப்ளாட்.

தியாகேசன்னு ஒரு புரோக்கர் ஒரே கட்டடத்துல ரெண்டு வீடு காட்டினாரு. நாலாவது மாடியில ஒண்ணு. கிழக்கயும் தெக்கயும் பெரிய பெரிய ஜன்னல், வெண்ணாறு வரைக்கும் பச்சை வயல் தெரியுது. சீலிங் பதினொரு அடி. மாத்திரை அட்டையில விலையில இருந்து கம்பெனி அட்ரஸ் வரைக்கும் கண்ணாடி போடாமலே படிச்சேன். மாஷா அல்லான்னு வாய்விட்டே சொல்லிட்டேன். ஐம்பத்தெட்டு லட்சம்னாரு. வாயை மூடிகிட்டேன்.

இன்னொண்ணு முதல் மாடி, பின்பக்கம். நான் போறதுக்கு முன்னாடியே தியாகேசன் ஓடிப்போயி எல்லா லைட்டையும் போட்டு வெச்சிருந்தாரு. "அணைங்க அண்ணே"ன்னேன். அணைச்சாரு. ஜன்னலுக்கு நேரா பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சுவரு. அட்டையில மாத்திரையோட பேரே தெரியல. சீலிங் ஒன்பதரை அடி. விலை நாப்பத்து மூணு லட்சம். எங்க கையில இருந்தது, பத்திரச் செலவுக்கும் சேத்து, நாப்பத்தாறு.

விஷயத்தைச் சொன்னதும் அவரு கொஞ்சங்கூட யோசிக்கல. "மேல் வீடுதான் கமரு. இங்க கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுடறேன், மீதியைச் சம்பாரிச்சுடலாம். வியாழக்கிழமைக்குள்ள கையெழுத்துக் கேட்டிருக்காங்க."

எனக்குப் பத்திகிட்டு வந்துச்சு. ஹுமைரா வயித்துல இருக்கும்போது விமானம் ஏறினவரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ரெண்டு மாச லீவு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, போனதுல இருந்து இந்த மனுஷனோட நான் வாழ்ந்தது ரெண்டே ரெண்டு வருஷம். இந்த மாசம் கணக்கை முடிச்சுகிட்டு வந்துடறேன்னு சொல்லியிருந்தாரு. நான் அவருக்குப் பிடிக்கும்னு கொடுவா மீன் கருவாடு கூட வாங்கி வெச்சிருந்தேன்.

"வெளிச்சம் வெளிச்சம்ங்கறீங்களே, அந்த வெளிச்சத்துல நான் யார் மூஞ்சியைப் பாக்கறது? சுவத்தையா? அப்படி என்ன உசரம் கேக்குது உங்களுக்கு? உங்க ரூம் என்ன அரண்மனையா? காட்டுங்க பாப்போம்!"

எப்பவும் ஏதாவது மளிகைக் கடை வாசல்ல நின்னுதான் வீடியோ கால்ல வருவாரு. உள்ள சிக்னல் கிடைக்காதும்பாரு. நானும் நம்பிகிட்டே இருந்திருக்கேன், கூறு கெட்டவ. அன்னைக்கு அந்தக் கடை வாசலை விட்டு நகந்தாரு. அப்பறம் மெதுவா நடந்து உள்ள போனாரு.

ஒரு சின்ன ரூம். மூணு ரெண்டடுக்கு இரும்புக் கட்டில். ஜன்னல் இருக்கணும்ல, அந்த இடத்துல ஏசி. ஏணியில ஏறி ஒரு கட்டிலோட மேல் தட்டுல படுத்தாரு. போனை நெஞ்சு மேல வெச்சுகிட்டு, ஒரு கையைத் தூக்கிக் காட்டினாரு. முழுசா நீட்டக்கூட இல்ல, உள்ளங்கை சீலிங்ல பட்டுடுச்சு.

"எழுந்திரிச்சா இடிக்கும். பழகிடுச்சு" அப்படின்னாரு.

யா அல்லா! லீவுல வரும்போதெல்லாம் இந்த மனுஷன் கட்டில்ல இருந்து தலையைக் குனிஞ்சுகிட்டேதான் எழுந்திருப்பாரு. "என்ன, புது மாப்பிள்ளைக்கு இன்னும் வெக்கம் போகலையா?"ன்னு நான் ஒவ்வொரு தடவையும் கேலி பண்ணுவேன். அவரும் சிரிச்சுக்குவாரு. ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

அன்னைக்குப் பூரா அழுதேன். அவருக்கு அந்தப் பதினொரு அடியை வாங்கிக் கொடுக்கணும்னு மனசு கிடந்து துடிச்சுச்சு. ஆனா அதுக்கு விலை, அதே தட்டுல இன்னும் ரெண்டு வருஷம் அவரு படுத்துக் கிடக்கறது. வயசு ஐம்பத்தாறு. எனக்கு வெளிச்சம் வேணாம், அவரு வேணும்.

விடிஞ்சதும் தியாகேசனைக் கூப்பிட்டு முதல் மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். கொடுத்த கையோட போன் போட்டேன்.

"இருட்டு வீட்டுக்குத்தான் கொடுத்திருக்கேன். கையெழுத்துப் போட்டீங்கன்னா அந்த வீட்டுல நான் தனியாத்தான் கிடப்பேன், பாத்துக்குங்க."

"ஒரு நல்ல வீட்டுல உன்னை வெச்சுப் பாக்கணும்னு நெனைச்சேனே கமரு" அப்படின்னாரு. கட் பண்ணிட்டாரு.

அதுக்கப்பறம் போனே வரல. வியாழக்கிழமையும் வந்துட்டுப் போயிடுச்சு. கையெழுத்துப் போட்டாரா இல்லையான்னு தெரியாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு கூப்பிட்டாரு. "கணக்கை முடிச்சாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு"ன்னாரு.

முதல் மாடிக்குக் குடி வந்தாச்சு. இந்த வீட்டுல பட்டப்பகல்லயும் லைட்டு போட்டுத்தான் சமைக்கணும். அவரு வந்த மறுநாள் மதியம், கருவாட்டுக் குழம்போட நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்தாரு. சாயந்தரம் பள்ளிவாசல்ல அஸர் பாங்கு கேட்டதும் முழிச்சாரு. கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே தலை குனிஞ்சுடுச்சு. குனிஞ்சபடியே எழுந்து உக்காந்தாரு.

இந்தத் தடவை நான் கேலி பண்ணல.

"நிமிருங்க மச்சான். ஒன்பதரை அடி இருக்கு."

நிமிரல. முதல்ல ஒரு கையை மட்டும் மெதுவா மேல தூக்கினாரு. முழங்கை நீண்டுச்சு, விரலெல்லாம் விரிஞ்சுச்சு. ஒண்ணும் தட்டுப்படல. அப்படியே கையை வெச்சுகிட்டு என்னைப் பாத்தாரு.

"இடிக்காது மச்சான். நிமிருங்க."