கலாமணியின் கூடுதல் தண்ணீர்

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போன தண்ணீரைவிட அன்று காலை மீண்டு வந்த தண்ணீர் அதிகமாக இருந்தது. அந்த அதிகம் கலாமணியின் வயிற்றில் இருந்தது.

கலாமணிக்கு இதில் ஆச்சரியமில்லை. அவளுக்கு நிறைமாதம். காற்றடிக்கும் தொட்டியின் ஓரம் நின்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளமே அதற்குத்தான்.

நிலையத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நிறுத்திக் கேட்பீர்கள். சுற்றுவட்டாரச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் எல்லாம் இங்கேதான் வரும். சிவப்பாக வரும், கறுப்பாக வரும், மயில்கழுத்து நிறத்தில் வரும். சுத்தமாகித் திரும்பப் பட்டறைக்கே வேலைக்குப் போகும். ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்பது விதி. மேலாளர் சின்னுச்சாமி அந்த விதியைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் வியர்வையை வாசலில் துண்டால் ஒற்றி, துண்டைத் தொட்டியில் பிழிந்த பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொல்வார். இதில் யாருக்கும் மனக்குறை இல்லை. காய்ந்த உடம்போடு பஸ் ஏறுவது சுகமாகத்தான் இருந்தது.

சின்னுச்சாமி ஓடி வந்தார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கலாமணி, இதுக்குக் கரண்டு எத்தன புடிச்சுது?" வயிற்றைக் காட்டினார்.

"கரண்டெல்லாம் புடிக்கலீங்க சார்."

"பத்து மாசமா?"

"ஆமாங்க."

"காத்தடிக்கற ப்ளோயரு ஓட்டலியா?"

"இல்லீங்க."

"பாய்லரு?"

"இல்லீங்க சார். கம்மஞ்சோறு தின்னனுங்க. மாங்கா தின்னனுங்க."

சின்னுச்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டார். மின்சாரத்தை மிச்சப்படுத்த அவர் பட்ட பாடு நாய் படாத பாடு. பம்பை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கு மாடிப்படி ஏறக் கற்றுக்கொடுத்தவர் அவர். அது பாதி ஏறியது. பிறகு மூச்சு வாங்கி, படியிலேயே உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

"நீ இங்கத்த தண்ணியத்தான குடிச்ச?"

"ஆமாங்க."

"கொழந்தைங்கறது முக்காவாசி தண்ணிதான். அப்ப அது நம்ம தண்ணி." அவர் கண் மின்னியது. "நாளைக்கே வேலைக்கு அனுப்பிறலாம்."

அரைமணியில் நிலையம் கல்யாண வீடாகிவிட்டது. சாயப்பட்டறை முதலாளிகள் குழாய்களிலிருந்து வெள்ளை வேட்டியோடு இறங்கினார்கள். ஒருவர் வேட்டியும் நனையவில்லை. ஒவ்வொருவரும் கலாமணியின் வயிற்றுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள்.

"மொதல்ல செவப்புக்கு உடுங்க."

"புதுத் தண்ணிக்கு நீலந்தானுங்க ராசி."

"ஏனுங்க, கறுப்புக்கு ஆளே இல்லீங்களா?"

கலாமணிக்கும் பரபரப்புத்தான். காரணம் வேறு. இடுப்பில் வலி தொடங்கியிருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஏறாத கோயில் இல்லை, போகாத ஆஸ்பத்திரி இல்லை. இன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கப் போகிறாள். அந்த முகத்தைப் பிடித்துச் சாயத் தொட்டியில் முக்குவதா?

"எம் புள்ளைய எந்தத் தொட்டிக்கும் உடமாட்டனுங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

வலி வந்தபோது பாதை நீண்டது. இருபுறமும் புதுத் தொட்டிகள் முளைத்தன. வலி விட்டதும் பாதை சுருங்கி வாசல் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அதற்குள் அடுத்த வலி. முதலாளிகள் மாலையும் கையுமாகப் பின்னாலேயே வந்தார்கள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்கள்.

ஒருவழியாக வாசலுக்கு வந்து சேர்ந்தாள். காவலாளி மாரப்பன் ஈரம் அளக்கும் மீட்டரை அவள் பக்கம் திருப்பினார். முள் துடித்தது.

"போக முடியாதும்மா. முள்ளு பூச்சியத்துல நிக்க மாட்டீங்குது."

"வலி வந்துருச்சுங்ணா."

"தெரியுது. முள்ளுக்கும் வந்துருச்சு."

கம்பிக் கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் தனபால் டெம்போவின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்றாங்க கலா?"

"நம்ம புள்ளையத் தண்ணிங்கறாங்க."

"முழுசுமா?"

"முக்காவாசி."

தனபால் யோசித்தான். "அப்ப மிச்சக் காலு நம்முளுதுதான? அதயாச்சும் கேளு."

அவள் கேட்க வாய் திறந்தபோது பனிக்குடம் உடைந்தது. அந்த நிலையத்தில் எல்லாத் தரையும் தொட்டியை நோக்கித்தான் சாய்ந்திருக்கும். தண்ணீர் வழி கேட்காமல் தொட்டிக்கு ஓடியது. முதலாளிகள் மாலைகளைத் தூக்கிக்கொண்டு, சிவப்பு, நீலம் என்று கத்தியபடி அதன் பின்னால் ஓடினார்கள். திரும்பி வரவில்லை.

காவலறையில் குழந்தை பிறந்தது. கேண்டீனில் சமைக்கும் ராமாத்தாள் ஓடி வந்து மடியில் ஏந்திக்கொண்டாள். பின்னாலேயே வந்திருந்த சின்னுச்சாமியும் மாரப்பனும் சுவரில் போன குழாயை உற்றுப் பார்த்தபடி நின்றார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பெண் குழந்தை. ஊரைக் கூட்டும் அழுகை.

சின்னுச்சாமி மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். மாரப்பன் குழந்தையின் முகத்தருகே பிடித்தார்.

முள் அசையவில்லை.

பச்சைக் குழந்தை கண்ணீர் விடாது. ராமாத்தாளுக்கு இது தெரியும். சின்னுச்சாமிக்குத் தெரியாது. அவர் குனிந்து அந்தக் காய்ந்த கண்களைப் பார்த்தார்.

"இத்தன அழுகை. ஒரு சொட்டு வெளிய வருல."

"வராதுங்க" என்றாள் ராமாத்தாள்.

"பூச்சியம்" என்றார் மாரப்பன்.

பூச்சியம் காட்டுகிறவர்கள் போகலாம் என்பதும் விதிதான். சின்னுச்சாமி தன் கையாலேயே கேட்டைத் திறந்தார். ராமாத்தாள் குழந்தையை நீட்ட, தனபால் வாங்கிக்கொண்டான். வாங்கத் தெரியாமல்தான் வாங்கினான். கேட் மூடியது.

அடுத்து கலாமணி. சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். முள் எகிறியது.

"கண்ணத் தொடச்சுட்டு வாம்மா" என்றார் மாரப்பன்.

துடைத்துக்கொண்டு வந்தாள். கம்பிக்கு அப்பால் அந்த முகம் தெரிந்தது. தனபாலின் மூக்கு, அவளுடைய நெற்றி. சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது.

"மறுக்காத் தொடைம்மா."

மறுபடி துடைத்தாள். மறுபடி நிறைந்தது. அன்றைக்கு அது நிற்கிற தண்ணீராகத் தெரியவில்லை.

இதற்குள் குழந்தையின் அழுகை மாறிவிட்டது. தனபாலுக்கு விளங்கவில்லை. கலாமணிக்கு விளங்கியது. அவள் ரவிக்கை பாலில் நனைந்தது. மாரப்பன் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மீட்டரைப் பார்த்தார்.

"இதுவும் நம்ம தண்ணிதானுங்களா சார்?" என்று கேட்டாள் கலாமணி.

சின்னுச்சாமி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். நிலையத்தின் பம்புகள் எல்லாம் நின்றிருந்தன. குழந்தையின் குரல் மட்டும் கேட்டது.

"கரண்டு?" என்றார் கடைசியில்.

"புடிக்காதுங்க."

அவள் கம்பியோடு ஒட்டி நின்றாள். தனபால் குழந்தையைத் தூக்கிப் பிடித்தான். இரண்டு கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் வாய் வந்து சேர்ந்தது. அழுகை நின்றது.

குழந்தையின் பக்கம் திருப்பிய மீட்டரில் முள் பூச்சியத்தைத் தாண்டியது. மாரப்பனின் கை விசிலுக்குப் போனது.

"விசிலக் கீழ வையி மாரப்பா" என்றார் சின்னுச்சாமி. "குடிக்கட்டும். பாதியில நிறுத்துனா மீட்டர்ல சரியா உழுகாது."

குழந்தை குடித்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை.