மறையூரைத் தாண்டி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஏழு மணிக்கும் கார் வாசலிலேயே நின்றது. ஜெயசுதா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறி, இப்போது கதவைத் திறந்து வைத்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி இருந்தாள்.

மூணாறு போவது ஆறு வருஷப் பேச்சு. அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் அவள் புருஷன் தீனதயாளன் நடத்தும் பனியன் கம்பெனியில் நாற்பது மிஷின் ஓடுகிறது. தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை, பிசிறு பார்த்து ஒதுக்கும் செக்கிங் மேசை முழுக்க அவள் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், யாரும் ஒன்றும் சொல்லாமலே, அந்த மேசை மேல் கவிழ்ந்து அழுதுவிட்டாள். பயந்துபோன தீனதயாளன், "வா, எங்காச்சும் மலைப்பக்கமாப் போயிட்டு வரலாம்" என்றான். அப்புறம் வருஷா வருஷம் ஒரு ஷிப்மென்ட் வந்து குறுக்கே நின்றது. போன வருஷம் கிளம்பியே விட்டார்கள். பல்லடம் தாண்டுவதற்குள் ஃபோன் வந்து, அங்கேயே வண்டியைத் திருப்பினார்கள்.

இந்த முறை அவளே தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு விடுதியைத் தேடிப்பிடித்து, நான்கு மாதத்துக்கு முன்பே அறை சொல்லி வைத்திருந்தாள். அவள், புருஷன், காலேஜ் மூன்றாம் வருஷம் படிக்கும் மகள் அனுப்ரியா. மூன்று பேர், மூன்று நாள்.

நான்காவது ஆள் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தீனதயாளனின் அண்ணன் குமாரசாமி. பூஜைக்காக மூலனூரிலிருந்து வந்திருந்தவர், இரவோடு இரவாகத் தானும் வருவதென்று முடிவு செய்திருந்தார்.

"மறையூரு வெல்லம் நல்லா இருக்கும்னாங்க சுதா. உங்க கூடவே ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயர்றேன்."

"சரிங்க மாமா," என்றாள். வேறு என்ன சொல்வது? அப்பா இறந்தபிறகு தீனதயாளனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவரை வரவேண்டாம் என்று சொல்லும் வாய் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். உடுமலையில் ஒரு சிநேகிதருக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்காய் மூட்டை டிக்கியில் அடங்கவில்லை. அது ஜெயசுதாவின் காலடிக்கு வந்தது. உடுமலையில் சிநேகிதர் ஃபோனை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் அவர் வீட்டைத் தேடினார்கள். வீடு கிடைத்தது, பூட்டியிருந்தது. மூட்டை திரும்பவும் காலடிக்கே வந்தது.

ஒன்பதாறு என்ற இடத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் வளைவுகள் ஆரம்பித்தன. பின்சீட்டில் உட்கார்ந்தால் ஜெயசுதாவுக்கு வயிற்றைப் புரட்டும். சின்னாறு வருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாகக் குந்தினாள். அனுப்ரியா அவள் முதுகைத் தடவிவிட்டு, வண்டிக்கு வந்து கேட்டாள்.

"பெரியப்பா, அம்மா முன்னாடி உக்காந்தா வாந்தி வராதுங்க. கொஞ்சம் மாறி உக்காந்துக்கிறீங்களா?"

"எனக்கென்ன கண்ணு, மாறிக்கலாம். முட்டிதான் மடக்க உடமாட்டேங்குது," என்றார் குமாரசாமி. "ஒரு எலுமிச்சம்பழத்த மோந்துட்டே வரச் சொல்லு. சரியாப் போயிரும்."

தீனதயாளன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவ்வளவுதான்.

மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் ஒரு மணி நேரம் போனது. குமாரசாமி பாகின் பதம் பற்றி அங்கிருந்தவர்களுக்கு யோசனை சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். முருங்கைக்காய் மூட்டையை அங்கேயே அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பத்துக் கிலோ வெல்லத்தை வாங்கி அதே இடத்தில் வைத்தார்.

மறையூருக்கு மேலே ஏறும்போதுதான் தீனதயாளனின் ஃபோன் அடித்தது. காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் அவ்வளவு நேரம் வாயடைத்துக் கிடந்த ஃபோன். ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டு கோடு சிக்னல் கிடைக்க, அங்கேயே ஓரம்கட்டி இறங்கினான்.

"ஷேடா? எந்த லாட்டு? காலருக்கும் பாடிக்குமா?" அவன் குரல் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கேட்டது.

ஜெயசுதாவுக்கு அந்த லாட் தெரியும். நீலச் சட்டை, காலரின் நீலம் உடம்புத் துணியின் நீலத்தைவிட ஒரு பிடி தூக்கலாக இருந்தது. செவ்வாய்க்கிழமையே இரண்டு உருப்படிகளைக் கையில் எடுத்துப்போய் அவன் முன்னால் வைத்தாள். "லைட்டுக்கு அப்படித் தெரியுது, வெய்யில்ல பாத்தா ஒண்ணாயிரும்" என்றான். வெயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "நெம்ப நுணுக்கிப் பாக்காத சுதா" என்றான். இப்போது வாங்குகிறவர்களின் ஆட்களும் நுணுக்கித்தான் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வளைவில் நாற்பது நிமிஷம் நின்றார்கள். மழை தூறியது. குமாரசாமி குறட்டை விட்டார். அனுப்ரியா ஜன்னல் வழியாக, "அப்பா, போலாமுங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் கையை ஆட்டினான். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை.

மறுபடி கிளம்பி மூன்று கிலோமீட்டர் போவதற்குள் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் மேலேயிருந்து மண் சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. செம்மண்ணும் பாறையும், வேரோடு சாய்ந்த ஒரு மரமும். ஆட்கள் யாரும் மாட்டவில்லை. விழுந்து அரை மணி நேரம் ஆகிறது என்றார் முன்னால் நின்ற ஜீப் டிரைவர்.

அரை மணி நேரம். ஜெயசுதா கணக்குப் போட்டாள். நிற்காமல் வந்திருந்தால் இந்நேரம் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பார்கள். தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. ஆறு வருஷ வார்த்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் வாயைத் திறப்பதற்குள் குமாரசாமி கைகூப்பினார். "பாத்தியா தீனா. அங்க போன் வராம இருந்திருந்தா நம்ம வண்டி இந்த மண்ணுக்குள்ள இருந்திருக்கும். முருகன்தான் நிறுத்தி வெச்சிருக்கறான்."

"ஆமாங்ணா," என்றான் தீனதயாளன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஃபோனில் பேசி நிறுத்தியது தப்பே இல்லை என்று ஆகிவிட்ட நிம்மதி.

ஜெயசுதா வாயை மூடிக்கொண்டாள். கோபப்படுவதற்கு இருந்த ஒரே நியாயத்தையும் முருகன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். இனி வாயைத் திறந்தால், உயிர் தப்பிய வேளையில் சண்டை போடுகிறவள் ஆகிவிடுவாள்.

மூன்றரை மணிக்கு மண் அள்ளும் வண்டி வந்தது. ரோடு எப்போது திறக்கும் என்று அங்கிருந்த போலீஸ்காரரிடம் கேட்டதற்கு, இன்றைக்கு இல்லை, நாளை மத்தியானம் பார்க்கலாம் என்றார்.

"அப்பத் திரும்பிரலாம்," என்றான் தீனதயாளன். "மறையூர்ல ரூம் கிடைச்சாச் சரி. இல்லாட்டி ஊட்டுக்கே போயரலாம். எனக்கும் அங்க தலைக்கு மேல வேல கெடக்குது."

அவன் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தான். ஜெயசுதா கதவைத் திறந்து இறங்கினாள். மழை நின்றிருந்தது. மண் சரிவின் கீழ் ஓரத்தில் ஒற்றையடி அகலத்துக்குப் பாதை செதுக்கியிருந்தார்கள். தோட்டத்து வேலைக்காரர்கள் தலையில் பையை வைத்துக்கொண்டு ஐந்தைந்து பேராகச் சரிவைத் தாண்டி நடந்தார்கள். அந்தப் பக்கம் ஜீப்புகள் நின்றன.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டாள். "ஏனுங்க, நாங்களும் நடந்து அக்கட்ட போலாமுங்களா?"

"போலாம்க்கா. நாங்க போறோம்லா," என்றாள் அந்தப் பெண். ராமுத்தாய் என்று பெயர். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பேச்சு திருநெல்வேலிப் பக்கம். விடுதியின் பெயரைச் சொன்னதும், "அது எங்க எஸ்டேட் பக்கந்தான். ஜீப்புல கொண்டு விட்ருவாங்க" என்றாள்.

ஜெயசுதா காருக்குத் திரும்பி, பையை வெளியே இழுத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் தீனதயாளன்.

"நாங்க நடந்து போறோமுங்க. நீங்க நாளைக்கு ரோடு திறந்ததும் வாங்க."

"பைத்தியமா உனக்கு? மேல இருந்து இன்னும் சரிஞ்சா?"

"அவங்கெல்லாம் போறாங்க."

"அவங்க பழக்கப்பட்டவங்க. அண்ணா, நீங்க சொல்லுங்க."

குமாரசாமி கண்ணாடியை இறக்கினார். "சுதா, பொம்பளப் புள்ளையக் கூட்டீட்டுத் தனியா எதுக்குச் சாமி? மலை எங்க போயிரப்போவுது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருசம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பையைத் தோளில் மாட்டினாள். "இல்லீங்க மாமா," என்றாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் இல்லை. சொன்னபிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

அனுப்ரியாவும் இறங்கி அவள் பின்னால் வந்தாள்.

பாதை சறுக்கியது. வலப்பக்கம் பள்ளம், கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். ராமுத்தாய் முன்னால் போனாள். "நான் கால் வைக்கிற எடத்துலயே வைங்கக்கா. கீழ பாக்காதீங்க." நடுவில் ஒரு சின்னக் கல் உருண்டு ஜெயசுதாவின் செருப்பில் பட்டபோது அவள் அப்படியே நின்றுவிட்டாள். தீனா சொன்னதுதான் சரியோ, மகளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. பின்னாலிருந்து அனுப்ரியா, "நிக்காதீங்கம்மா, நடங்க" என்றாள். நடந்தாள். அந்தப் பக்கம் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தீனதயாளன் சரிவின் விளிம்பு வரை வந்து நின்றிருந்தான். ஃபோன் காதில் இல்லை. கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு வருஷம் காத்துக் கிடந்த மலை அங்கே இல்லை. வராந்தாவுக்கு வெளியே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத மூடுபனி. எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்புறம் அடுக்கடுக்காக மலை, எல்லாம் நன்றாகத் தெரியும் என்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அருள்செல்வன் கையை நீட்டிக் காட்டினார். அவர் விரல் நுனியே மங்கலாக இருந்தது.

"நேத்து வரைக்கும் பளிச்சுனு இருந்துச்சுங்க மேடம்," என்றார் அவர், தன் தப்பு போல.

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறைக்குள் போய்ச் சேறு அப்பிய சுடிதாரோடு கட்டிலில் உட்கார்ந்தாள். மாற்றுத்துணி இருந்த பை காரிலேயே நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தது நொறுக்குத்தீனிப் பை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தீனதயாளன் வந்தான். ரோடு இன்னும் திறக்கவில்லை. அண்ணனை மறையூர் லாட்ஜில் விட்டுவிட்டு, அவனும் அந்தப் பாதையில் நடந்தே வந்திருந்தான். முழங்கால் வரை செம்மண். தோளில் அவளுடைய துணிப்பை. அதைப் பார்த்ததும் அவள் மனசு இளகத்தான் செய்தது. சூடாக டீ வாங்கிக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு அவன் சொன்னான்.

"சுதா, திங்கக்கிழமை சரக்கு வாங்கறவங்க ஆளுக நேர்ல வாராங்க. மொத்த லாட்டையும் திருப்பிப் பாக்கோணும். நீ இல்லாம ஆகாது. இப்பவே கெளம்புனாத்தான் உண்டு."

"செவ்வாக்கெழமையே சொன்னேனுங்க."

"இப்ப அதப் பேசி என்ன பிரயோஜனம்?"

இளகிய மனசு இருந்த இடத்தில் மறுபடி அதே எரிச்சல் வந்து உட்கார்ந்தது.

"நான் வர்ற செவ்வாக்கெழமை வாரனுங்க. அது வரைக்கும் ரூம் இருக்குதான்னு கேட்டுட்டேன். இருக்குதாம்."

"அப்பச் செக்கிங்க யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்க. காலரப் பாடி மேல வெச்சு வெய்யில்ல பாத்தாத் தெரியும்."

அவன் முதல் தடவையாக வெளியே பார்த்தான். "இங்க என்னத்தப் பாக்கற? ஒண்ணுமே தெரியல."

"ஆமாங்க. ஒண்ணும் தெரியல."

மகளைப் பார்த்தான். அனுப்ரியா தலையைக் குனிந்துகொண்டு, "நான் அம்மா கூட இருக்கறேன்ப்பா" என்றாள். அவன் மீதி டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான். சத்தம் போடவில்லை. படி இறங்கும்போது மட்டும் நின்று, "அண்ணங்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்றான்.

"உள்ளதச் சொல்லுங்க."

ஜீப் சத்தம் பனிக்குள் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுபோனது. ஜெயசுதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை அவன் எந்த உருப்படியை விடுவான், எதை ஒதுக்குவான் என்று மனசு அதற்குள்ளேயே செக்கிங் மேசைக்குப் போய்விட்டது. அதை நினைக்க இன்னும் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்து, இங்கேயும் நீலக் காலர்.

"இப்பச் சந்தோசமாம்மா?" என்றாள் அனுப்ரியா.

"எரிச்சலா இருக்குது கண்ணு."

"அப்ப நாமளும் போயரலாமா?"

"இல்ல," என்றாள் ஜெயசுதா. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாரல் காலில் அடிக்கவும் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு, மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லி மகளை அனுப்பினாள்.