டாக்டரின் இன்னொரு தொண்டை

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று முதல் மருத்துவர் களைப்படைய மாட்டார், சலித்துக்கொள்ள மாட்டார், கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், ஒவ்வொரு நோயாளியையும் தினந்தோறும் தாமே போனில் அழைத்து நலம் விசாரிப்பார். இப்படியொரு பொற்காலம் பிறந்துவிட்டதை ஆஸ்பத்திரி நிர்வாகம் ரிப்பன் வெட்டிக் கொண்டாடியபோது, சம்பந்தப்பட்ட மருத்துவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான். ஒரு மதியம் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, கொடுத்த வாக்கியங்களை வாசித்தார். ‘சாப்பிட்டீங்களா?’ ‘தூக்கம் வந்துச்சா?’ ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன்.’ இத்தனை வருடத் தொழிலில் அவர் வாயைத் தாண்டாத சொற்கள். அன்றைக்குப் பார்த்துச் சளி வேறு, நடுநடுவே இருமினார். இருமலும் இயல்பாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார்கள் இயந்திரக்காரர்கள். மீதியை அவர் குரலிலேயே இயந்திரம் தானே பேசக் கற்றுக்கொண்டது. போனில் பேசுவது இயந்திரம் என்று நோயாளி கையெழுத்துப் போடும் தாளில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. பொடி எழுத்தைப் படிக்கிறவர் வக்கீலிடம் போவாரே தவிர டாக்டரிடம் ஏன் வரப்போகிறார்?

இதய நோய்ப் பிரிவில் அவருக்கு ‘அடுத்த ஆள்’ என்று பெயர். நோயாளி சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அந்த இரண்டு சொல் வந்துவிடும். கெட்டவர் இல்லை. கணினி கேட்கும் கட்டங்களை நிரப்பாவிட்டால் அது அடுத்த பக்கத்துக்கு நகராது. கட்டங்களை நிரப்பினால் நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. அதனால் நோயாளிகளை அவர் பெரும்பாலும் காதால்தான் பார்த்தார், அதுவும் அரைக் காதால்.

பொற்காலம் பிறந்த பிறகு முகங்கள் மாறின. “நீங்க சொன்ன மாதிரியே மகன்கிட்ட மனசு விட்டுப் பேசிட்டேன் டாக்டர்” என்று ஒரு பெண்மணி கண்கலங்கினாள். யார் மகன், என்ன பேச்சு என்று அவருக்குத் தெரியாது. தலையாட்டி வைத்தார். ஓசியில் வந்த நல்ல பெயரை யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் ஒரு நாள் வராந்தாவில் நடந்தபோது தூணுக்குப் பின்னாலிருந்து அவருடைய சிரிப்பே கேட்டது. எட்டிப் பார்த்தார். யாரோ ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். அப்படி வயிறு குலுங்கத் தான் கடைசியாக எப்போது சிரித்தோம் என்று டாக்டருக்கு நினைவில்லை.

இன்னொரு நாள் காலையில் வந்தவர் பழைய நோயாளி, பஸ் டிரைவர். பின்னாலேயே அவர் மனைவி.

“என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்ல சார். இவதான் இழுத்துட்டு வந்தா.”

“ஒண்ணுமில்லையாம்! காலையில சட்டையில கைய நுழைக்க முடியல இந்த மனுஷனால” என்றாள் மனைவி. “சொல்லித் தொலைங்களேன்.”

டிரைவர் சொன்னார். நெஞ்சில் பாரம். தாடை வரை இழுக்கிறது. படி ஏறினால் வேர்த்துக் கொட்டுகிறது. ஒரு வாரமாக.

டாக்டரின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. “தினமும் போன்ல கேக்கறதில்லையா? அப்ப ஏன் சொல்லல?”

டிரைவர் கூச்சத்தோடு நெளிந்தார். “அவர்கிட்ட எப்படி சார் சொல்றது? அவ்வளவு பிரியமா விசாரிக்கிறாரு. கேட்டா மனசு ஒடஞ்சு போயிடுவாரு.”

“என்கிட்ட மட்டும் சொல்றீங்க?”

“நீங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்கல்ல சார்.”

சிஸ்டர் இசிஜி எடுத்து நீட்டினாள். கோடுகளைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இப்பவே அட்மிட் ஆகணும். இங்கிருந்து நேரா ஐசியூ.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்.”

“நான்தான்யா டாக்டர்!”

“இல்லேங்கல சார்” என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு டிரைவர் போனைத் தட்டினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“வாங்க வாங்க. இன்னிக்கு எப்படியிருக்கு?” என்றது போன். டாக்டரின் தொண்டை. அதே கரகரப்பு. சளி இறங்கிப் பல நாளாகியும் அது மட்டும் இன்னும் இருமிக்கொண்டிருந்தது.

“அமோகமா இருக்கேன் டாக்டர்” என்றார் டிரைவர். அவர் மூக்கு நுனியிலிருந்து வேர்வை போன்மேல் சொட்டியது.

“பொய்!” டாக்டர் மேசையில் அறைந்தார். “ஆளு வேர்த்து ஊத்துது! இசிஜி மாறியிருக்கு!”

போன் கேட்டது, “பக்கத்துல யாரோ சத்தம் போடறாங்களே. யாரது?”

டிரைவர் டாக்டரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “யாருமில்ல டாக்டர்.”

டாக்டர் போனைப் பிடுங்கினார். “நான்தான் டாக்டர்!”

“அப்படியா, ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு என்ன செய்யுது, சொல்லுங்க.”

அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில்கூட, சாப்பாட்டு நேரம் கேட்பார்களே தவிர, இதைக் கேட்பதில்லை. எதிரே டிரைவரின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. இந்த ஆளை இங்கிருந்து எழுப்ப அந்தத் தொண்டையால்தான் முடியும், தன்னுடையதால் முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“நெஞ்சுல பாரம்” என்றார் டாக்டர். “தாடை வரைக்கும் இழுக்குது. வேர்க்குது.” பொய்யைத்தான் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல, நெஞ்சின் மேல் உண்மையாகவே ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்தது.

“ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப் போடாதீங்க. உடனே அட்மிட் ஆகுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்.”

டிரைவர் எழுந்துவிட்டார். “டாக்டரே சொல்லிட்டாரு, வா போகலாம்” என்றார் மனைவியிடம். டாக்டரைப் பார்த்து, “இத மொதல்லயே கேட்டுச் சொல்லியிருக்கலாம்ல சார்?” என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டு போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டாக்டர் அவரைச் சக்கர நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்தார். சிஸ்டர் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மனைவி மட்டும் திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் போன்.

“உள்ள கொண்டு போயிட்டாங்க சார். போன உள்ள விட மாட்டாங்களாம். கட் பண்ணிடாதேன்னு சொல்லிட்டுப் போனாரு.” அறையைச் சுற்றிப் பார்த்தாள். “டாக்டர எங்க வைக்கட்டும்?”

அவர் மேசையைக் காட்டினார். முகம் மேலே பார்க்கும்படி மெல்ல வைத்துவிட்டு, ஐசியூ வாசலில் உட்காரப் போனாள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று போனுக்கும் தெரியாது, அவருக்கும் இன்னும் தெரியாது.

“இருக்கீங்களா?” என்றது போன்.

டாக்டர் கதவைப் பார்த்தார். பிறகு, “இருக்கேன்” என்றார்.

“பாரம் கொறஞ்சுதா?”

அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். கதவிடுக்கில் தலையை நீட்டிய சிஸ்டர், அவர் குனிந்து பேசுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்கினாள். “சித்த நேரம் உக்காருங்க, உள்ள பேஷன்ட்டப் பாத்துட்டிருக்காரு” என்று வெளியே அவள் சொல்வது கேட்டது.

“இல்ல” என்றார் டாக்டர், போனிடம். “கொறையல.”

“நிதானமாச் சொல்லுங்க. எனக்கு ஒரு அவசரமுமில்ல.”

திரையின் மூலையில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. டாக்டர் மேசைக்கடியில் குனிந்து, கணினியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் போன் சார்ஜரைச் செருகினார்.