ஜீப்புக் கம்பி

இந்த மனுசன் இன்னைக்கு எதுக்குக் கூட வந்திருக்காரு? பிரசவத்துக்கே ஆஸ்பத்திரி வாசலோட திரும்பிப் போனவராச்சே.

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்த ஈஸ்வரி, கணவன் வெள்ளைத்துரையைக் கடைக்கண்ணால் பார்த்தாள். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் சமயம். அவளது முன்பல் ஈறு வீங்கியதற்காக, மலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நிற்கிறார்.

டாக்டர் பானுப்பிரியா எக்ஸ்ரே படத்தைக் காட்டினாள். மற்ற பற்களின் வேருக்குள் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. வலிக்கிற பல்லில் மட்டும் அது இல்லை.

"நரம்பு போற பாதை சுண்ணாம்பு கட்டி அடைச்சிருச்சும்மா. பலமா அடிபட்ட பல்லுலதான் பெரும்பாலும் இப்படி ஆகும். எப்ப பட்டுச்சு?"

ஈஸ்வரி பேசுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஜீப்புக் கம்பி, டாக்டரம்மா. மெட்டு ரோட்டு வளைவுல டிரைவரு பிரேக் போட்டான், போயி மோதிட்டா. அந்தப் பெருமழ வருசம், ஆவணியில."

போடியில் உடைகிற பல்லுக்கெல்லாம் ஜீப்புக் கம்பிதான் காரணம். தோட்டத்துக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போகிற ஜீப்பு; யாரும் மறுத்துக் கேட்பதில்லை. டாக்டரும் தலையாட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அந்த ஆவணியில ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சே? தெனமும் தோட்டத்துக்குப் போற எங்க அப்பாவே மேல போகாம வீட்லதான் இருந்தாரு. ஜீப்பு ஓடுச்சா?"

வெள்ளைத்துரை சிரித்தார். "முந்தியோ பிந்தியோ. தேதி பாத்தா சோலிக்குப் போறோம்?"

ஜீப்பு ஓடவில்லை. வேலையில்லாமல் இருவரும் வீட்டில் அடைந்து கிடந்த மாதம் அது. அவர் வீசிய சொம்பு அவள் வாயில் விழுந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கம்பி என்று சொல்லச் சொன்னதும் அவர்தான். இத்தனை வருஷமும் அவள் அதையே சொல்லி வந்தாள்.

"மைக்ராஸ்கோப் வச்சு கொஞ்சங்கொஞ்சமா உள்ள தொறந்து பாக்கலாம்," என்றாள் டாக்டர். "நாலஞ்சு தடவை வரணும். பாதை கெடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. இல்லாட்டி பிடுங்கிரலாம்."

"பிடுங்கிருங்க. வெரசா முடியும்ல." வெள்ளைத்துரை அவள் தோளில் கை வைத்தார். "நம்ம மக பவித்ரா கல்யாணத்துக்கு வெள்ளையா ஒரு பல்லு கட்டிக்கலாம் ஆத்தா. சரின்னு சொல்லு."

ஆத்தா. சொம்பு விழுந்த அன்றும் இப்படித்தான் கூப்பிட்டார்.

டாக்டர் மரத்துப்போவதற்கான ஊசியைக் கையில் எடுத்தாள். "எடுத்துரவாம்மா?"

ஈஸ்வரி தோளைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம் டாக்டரம்மா. பல்லு இருக்கட்டும். தொறந்து பாருங்க, நான் மட்டும் வர்றேன்."