பச்சை வாளியின் முறை

ஸகரியா மாமா லாரியைப் பின்பக்கமாகத் திருப்பி வாசலுக்கு நேராக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷிங்கிராய் படியில் உட்கார்ந்து பூசணிக் கீரையின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பெட்டியில் வைத்திருக்கும்போது மகள் அடுப்பு வேலை தொடக்கூடாது என்று மூன்று பெண்கள் வந்து சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"மாமா, லாரி வேண்டாம்னு நேத்தே சொன்னேனே."

"நீ சொன்னே. நான் கேக்கல."

"அம்மாவே சொன்னாங்க மாமா. 'என்னை இங்க டங்கம்வுராவிலயே போடு, சொந்த ஊர் புஹேராவுக்கு இழுத்துக்கிட்டுப் போகாதே'ன்னு. நானும் சரின்னுட்டேன்."

"காய்ச்சல்ல உளறியிருப்பா."

"நல்லா இருந்தப்போ, போன்ல சொன்னது."

மாமா தொப்பியைக் கழற்றி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. லாரியின் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இங்க பாரு. ஊர்ல உங்கம்மாவுக்குன்னு ஒரு சஹ்விரா இருக்கான். அவ துணியைப் போட்டுக்கிட்டு, அவளை மாதிரியே நடந்து, திட்டி, அழுதுக்கிட்டு இருக்கிற சனத்தைச் சிரிக்க வைப்பான். அப்புறம்தான் குழியில இறக்குவோம். இங்க யாரு செய்வா? நாலு வருஷம் குடியிருந்த ஊரு. என் அக்கா நடை இங்க யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் நடிச்சுக் காட்டாம, வழிப்போக்கன் மாதிரி அவளைப் புதைக்கணுமா?"

ஷிங்கிராய் இன்னொரு கீரையை எடுத்தாள். ஹராரேயிலிருந்து எப்போதாவது வருவாள். இந்தத் தெருவில் ஒருவரையும் அவளுக்கு முகம் பார்த்துத் தெரியாது. அம்மா போனில் சொன்ன சண்டைகள்தான் தெரியும். தெரு அடிபம்பில் விசில் ஊதி வரிசை பார்த்தது அம்மாதான்; எந்தப் பேச்சும் அடிபம்பில் ஆரம்பித்து அடிபம்பில்தான் முடியும். "அந்த ஜோசையா அம்மா இருக்காளே, வரிசையை உடைக்கறதுக்குன்னே பொறந்தவ. இன்னிக்கு அவ வாளியைத் தூக்கி வெளியில வெச்சேன்." இப்படிச் சண்டை போட்டு வைத்திருக்கிற ஊரில் அம்மாவுக்காக எழுந்து நடிக்க யார் வரப்போகிறார்கள்? மாமா சொல்வது சரிதானோ என்று காலையிலிருந்தே அவளுக்கு ஒரு பயம்.

முற்றத்தில் பெரிய பானையில் சட்ஸா என்னும் மக்காச்சோளக் களியைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்த கனத்த பெண்மணி நிமிர்ந்தாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. துடுப்பைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

"கட்டி தட்டாம கிண்டு" என்று சொல்லிவிட்டு, ஷிங்கிராயைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

"யாரு அது?" என்றார் மாமா.

"அவங்கதான் ஜோசையா அம்மா" என்று கூடக் கீரை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்.

ஷிங்கிராய் உரித்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

சாப்பாட்டுக்குத் தட்டெடுத்துக்கொண்டு ஜனம் பானையைச் சுற்றி நெருக்கியபோது, உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவின் ஊதா ஸ்வெட்டர். அம்மாவின் ரப்பர் பூட்ஸ். இடது இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடும் அம்மாவின் நடை. கையில் ஒரு குச்சி.

"இது சாவு வீடா, சந்தைக்கடையா? வரிசை எங்கடி வரிசை? ஏய் சிவப்பு வாளி! இப்பத்தானே வந்தே, அதுக்குள்ள எப்படிடி முன்னாடி?"

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை, வெடித்துவிட்டாள். அப்புறம் முற்றமே சிரித்தது. உள்ளே பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் கதவருகே எட்டிப் பார்த்தார்கள்.

"நீ என்னடி பின்னாடி நிக்கிறே?" கர்ப்பிணி ஒருத்தியின் தட்டைக் குச்சியால் தட்டினாள் ஜோசையா அம்மா. "வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கையில வாளி. மூணு பேருக்கு ஒரு இடமா? போ முன்னாடி! நன்றி கின்றின்னு சொன்னே, திரும்பக் கடைசிக்கு அனுப்பிடுவேன்."

"அப்படியேதான் சொல்லுவாங்க!" என்றாள் அந்தப் பெண். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஷிங்கிராய்க்கு இது புதுசு. போனில் இந்த அம்மா வந்ததே இல்லை.

குச்சி மாமாவின் முன்னால் வந்து நின்றது.

"பெரியவரே, வாளி எங்க?"

"நான்... வாளி கொண்டுவரல."

"லாரி மட்டும் கொண்டுவரத் தெரியுதா? லாரில வந்தா பம்பு தானா அடிச்சு ஊத்துமா?"

"நீ யாரும்மா? எங்க வீட்டு சஹ்விரா இல்ல. எந்த உரிமையில அவ துணியைப் போட்டே?"

சிரிப்பு நின்றது. இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலு வருஷம் தினமும் சண்டை போட்ட உரிமையில" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அடுத்த வசவுக்கு முன்னால், வலது காது மடலை இரண்டு விரலால் பிடித்து மெல்லக் கீழே இழுத்தாள். "உனக்குத் தண்ணி கிடையாது. அடுத்த ஆள்!"

மாமா முன்னால் சாய்ந்து அவள் கையைப் பார்த்தார்.

"காது..." என்றார். "சின்ன வயசுல ஆடு மேய்க்கிறப்போ என்னைத் திட்டறதுக்கு முன்னாடி காதை இழுத்துப்பா. இப்பவுமா பண்ணினா?"

"செவ்வாய்க்கிழமை காலையில கூட இழுத்தா. எனக்குத்தான் வசவு."

ஜோசையா அம்மா மறுபடி விசிலை வாயில் வைத்தாள். ஊத வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. திரும்பி நின்று ஸ்வெட்டரின் பொத்தான்களைச் சரிசெய்தாள். அவள் கனத்த உடம்புக்கு அந்த ஸ்வெட்டர் எட்டவே இல்லை.

மாமா எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இஞ்சினை அணை" என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு, அந்த லாரியில்தான் பெட்டி டங்கம்வுரா இடுகாட்டுக்குப் போனது. குழியைத் தெரு ஆண்கள் வெட்டியிருந்தார்கள். மண் தள்ள மாமா மண்வெட்டியை வாங்கப் போனபோது, "உங்க முறை வரட்டும் மாமா" என்று ஒருவன் சொன்னான். மாமாவே சிரித்துவிட்டார்.

திரும்பி வந்தால் கை கழுவத் தண்ணீர் தீர்ந்திருந்தது. பெண்கள் அடிபம்புக்கு நடந்தார்கள். ஷிங்கிராயும் கூடப் போனாள். காலையிலிருந்தே வாளிகள் வரிசையாக இருந்தன. நடுவில் பிடியில் துணி சுற்றிய ஒரு பச்சை வாளி. அவளுக்குத் தெரிந்த வாளி, அம்மாவுடையது.

"இதை யாரு கொண்டுவந்து வெச்சது?"

"யாரும் வெக்கல. செவ்வாய்க்கிழமை அவங்களே வெச்சது, அப்பலேர்ந்து இங்கதான் இருக்கு" என்றாள் கர்ப்பிணி. "முறை வந்தா கடைசிக்கு மாத்தறோம். எடுக்க மனசு வரல."

ஒவ்வொருவரும் தன் வாளியை நிரப்பியதும் பின்னால் இருந்தவை ஒரு இடம் நகர்ந்தன. யாரோ காலால் பச்சை வாளியையும் நகர்த்தினார்கள். கடைசியில் அது குழாய்க்குக் கீழே வந்து நின்றது. ஒருவரும் பம்பைத் தொடவில்லை.

ஷிங்கிராய் முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஹீல்ஸ் செருப்போட யாருடி பம்பு அடிப்பா?" என்றாள் ஜோசையா அம்மா. "கழட்டு."

கழற்றினாள். அடித்தாள். முதலில் காற்றுதான் வந்தது, பிறகு தண்ணீர்.

ஒரு சொட்டு வழிந்தாலும் விசில் ஊதுவது அம்மாவின் வழக்கம். வாளி நிரம்பியது. விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஷிங்கிராயின் வெறுங்காலை நனைத்துக்கொண்டு சிமெண்டில் ஓடியது. ஜோசையா அம்மாவின் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஊதவில்லை.