பாஸ்டரின் தொண்டை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. திருச்சபைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் போன் செய்து, "ஆரோக்கியமான சபைக்கு என்னென்ன குணம் இருக்கணும்னு எழுதித் தாங்க. கிறிஸ்து மையமா இருக்கணும், அதை மறந்துடாதீங்க" என்றார். கடைக்குக் கிளம்புகிறவரிடம் உப்பை மறந்துவிடாதே என்று சொல்வதுபோல.

நானும் உட்கார்ந்தேன். முதல் குணம், கிறிஸ்துவே சபைக்குத் தலை. இரண்டாவது, வேதத்துக்குக் கீழ்ப்படிதல். மூன்றாவது, அங்கே ஒருவரையொருவர்

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனையோ ஞாயிறுகளில் நானே கேட்டுக் கொட்டாவி விட்ட வாக்கியங்கள் அவை. ஒரு சபையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு நோயைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நோயை எங்கே வைப்பது? தொண்டையில் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவே பாஸ்டரின் குரல் சட்டென்று நின்றது." அடித்துவிட்டேன். குரல் அப்படிப் போவதில்லை. முதலில் கரகரக்கும், வெந்நீர் குடிப்பார்கள், பிறகு இருமல் மாத்திரை, அப்புறம்தான் டாக்டர்.

இரண்டாவது தொடக்கம்: "சபை என்பது ஓர் உடல்." இது மறுபடியும் கட்டுரை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் டாக்டரின் அறையில் இருக்கிறது. அங்கே பாஸ்டர் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். அந்த மேசையைத் தாண்டிவிட்டால் அவள் எல்லாருக்கும் பாஸ்டரம்மா.

"குரல் நாண்ல சதை வளர்ந்திருக்கு. எடுத்துடலாம், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கப்புறம் மூணு மாசம் வாயே திறக்கக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது" என்றார் டாக்டர்.

பாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. பாஸ்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு முதலில் வந்தது கவலை இல்லை.

அப்பாடா என்றுதான் இருந்தது.*

* இந்த இடத்தில் அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதுவரை பாஸ்டர்தான் கதாநாயகர். இனி கதை இவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரும்.

3

அந்த 'அப்பாடா'வை விளக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் மாலையில் பாஸ்டர் வீட்டுக் கூடத்தில் நின்று மறுநாள் பிரசங்கத்தைப் பேசிப் பார்ப்பார். கேட்கிற சபை அவள் ஒருத்திதான். துணி மடித்துக்கொண்டே தலையாட்டுவாள். எங்கே குரல் உயரும், எங்கே தழுதழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் அதே இடத்தில் அது தழுதழுக்கும்போது சுற்றிலும் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவள் மட்டும் கைப்பையில் எதையோ தேடுவாள்.

அவர் போலி இல்லை. (இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், போலிப் போதகர் கதை எழுதுவது சுலபம், எனக்கு அதில் ஆர்வம் இல்லை.) ஆண்டவரை நேசித்தார். தன் குரலையும் நேசித்தார். இரண்டும் ஒரே தொண்டையில் குடியிருந்ததால், எது முடிந்து எது தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று.

சபை ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் கூடியது. ரப்பர் வாசனை, செங்குத்தான படி, பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்தப் படியை ஜனங்கள் ஏறி வந்தது அந்தக் குரலுக்காகத்தான். "நம்ம பாஸ்டர் பேசினா மூச்சு விட மறந்துடும்" என்று பெருமையடித்துக்கொள்வார்கள்.

ஆபரேஷன் முடிந்தது, குரல் நின்றது. வெளியிலிருந்து பிரசங்கிமார் வந்தார்கள். ஒருவர் கத்தினார், ஒருவர் தூங்க வைத்தார். சபையின் மூப்பர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிரசங்கம் எல்லை மீறி ஓடும்போது அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அந்த மாதங்களில் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. ஊருக்கு மறுகோடியில் விளக்கும் இசையுமாகப் பெரிய அரங்கம் ஒன்று திறந்திருந்தது. போனவர்கள் பாஸ்டரம்மாவுக்குத்தான் போன் செய்தார்கள்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாஸ்டருக்குக் குரல் வந்ததும் ஓடி வந்துடுவோம்."

"பரவாயில்லங்க" என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தேய்ந்தது. சின்ன வெள்ளைப் பலகையில் பாஸ்டர் எழுதிக் காட்டுவார்: யாரு? "தப்பா நம்பர் போட்டுட்டாங்க" என்பாள். நம்பினார் என்று நினைக்கிறீர்களா?

4

ஒரு ஞாயிறு, வருவதாக இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லை. பாட்டு முடிந்தது. மேடையில் யாரும் இல்லை. ஜனங்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். பாஸ்டர் முன்வரிசையில் பலகையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தார்.

மூப்பர் எழுந்து போனார். "எனக்குப் பேச வராது. கிளட்ச், கியர்னா பேசுவேன்" என்று சொல்லிவிட்டு, இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய பகுதியை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அழகு நிலையம் வைத்திருப்பவள். பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை பாக்குறார்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். வேலையெல்லாம் இல்ல. என்னை விட்டுட்டுப் போயிட்டார். பக்கத்து சேர்ல உட்காந்திருக்கிற இவங்களுக்குக்கூடத் தெரியாது. இவங்களுக்கு என்ன கஷ்டம்னு எனக்கும் தெரியாது."

பக்கத்து நாற்காலிக்காரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் அறிவுரை சொல்லவில்லை. யாரோ மெதுவாக ஜெபித்தார்கள். இன்னொருவர் தொடர்ந்தார்.

(பார்லர் அக்காவை நான் சந்தேகப்பட்டேன். கதைக்குத் தேவையான நேரத்தில் தேவையானதைப் பேசுகிறாள். ஒருமுறை அவளை முழுதாக நீக்கிப் பார்த்தேன். அந்த ஞாயிறு மின்விசிறியோடு முடிந்துபோனது. மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன்.)

அதன்பிறகு வெளியாட்களைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மூப்பரும் இன்னும் சிலரும் முறைவைத்து வாசித்தார்கள், தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததைத் தெரியாது என்றார்கள். வராதவர் வீட்டுக்கு யாராவது போனார்கள். பேச்சுவார்த்தை இல்லாதிருந்த அண்ணனும் தம்பியும் படியில் நின்று சண்டை போட்டு, சண்டையை முடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது 'பாஸ்டர் இன்னைக்குப் பின்னிட்டார்' என்று பேசிக்கொள்ள வழியில்லாததால், இயேசு ஏன் அப்படிச் செய்தார் என்று பேசிக்கொண்டார்கள். பாஸ்டரம்மா அதைப் படியிறங்கும்போது காதால் கேட்டாள்.

கட்டுரையில் என்னால் முடிக்க முடியாத மூன்றாவது குணம் இதுவாக இருக்கலாம். கதை இங்கேயே முடிந்திருந்தால் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன்.

5

கண் ஆஸ்பத்திரியில் ஒருநாள் மின்சாரம் போய், எல்லாரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினாள். உள்ளே ஆண்குரல் கேட்டது.

சமையலறையில் பாஸ்டர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோல. மேடைக் குரலின் மினுமினுப்பு அதில் இல்லை. தேய்ந்த, சாதாரணக் குரல்.

"நான் வாயை மூடினப்புறம்தான் அவங்க உங்களைப் பாக்குறாங்க, ஆண்டவரே. அப்ப இத்தனை வருஷம் நான் நடுவுல நின்னு மறைச்சுக்கிட்டா இருந்தேன்?"

திரும்பியவர் அவளைப் பார்த்தார். கை தானாகப் பலகையைத் தேடியது. அது ஈரமாகச் சமையல் மேடைமேல் கிடந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"மூணு வாரம்" என்றார். "டாக்டர் பேசலாம்னுட்டார்."

அந்தப் பரிசோதனைக்கு அவர் தனியாகப் போயிருந்தார். திரும்பி வந்து, 'இன்னும் ஒரு மாசம்' என்று பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். அவளும் அன்று அவருக்காக அழுதிருந்தாள்.

ஏன் மறைத்தார்? எனக்கு மூன்று காரணங்கள் கிடைத்தன. தாழ்மை, பயம், களைப்பு. ஒவ்வொன்றையும் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஒவ்வொன்றும் அவருக்குப் பொருந்தியது. எனவே அவரிடமே விட்டுவிடுகிறேன்.

"நல்லா இருக்குல்ல சபை?" என்றார் அவர். "நான் பேச ஆரம்பிச்சா போனவங்க திரும்பி வருவாங்க. இருக்கிறவங்க பழையபடி என் வாயைப் பாப்பாங்க. எல்லாம் கெட்டுப்போயிடும்."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"அதை நீங்க ஒருத்தரா முடிவு பண்ணிட்டீங்க?"

"சபைக்காகத்தானே…"

"பேசினா சபை உங்களாலதான் நடக்கும். பேசாம இருந்தாலும் உங்களாலதான் நடக்கும். அப்ப இன்னும் நடுவுல நீங்கதாங்க நிக்கிறீங்க. வாயை மூடிக்கிட்டு நிக்கிறீங்க, அவ்வளவுதான்."

அவர் குழாயை மூடினார்.

"உங்களை மட்டும் சொல்லல" என்றாள், குரல் இறங்கி. "பேசக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. உங்ககிட்ட அதைச் சொல்லல. ரொம்பக் களைச்சுப் போயிட்டேங்க. இனி இந்த வீட்டுல யாரும் எதையும் மறைக்க வேணாம். எனக்குத் தெம்பு இல்ல."

இரண்டு பேரும் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். நெடுநாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது, பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயங்கள்.

6

ஞாயிறு. இதற்கு முதலில் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. பாஸ்டர் தன் தவறை அறிக்கையிடுகிறார், சபை அழுகிறது, எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆ. சபை அவரைத் துரத்துகிறது. மனைவியும் அவரும் மழையில் நடந்து… மழையை எங்கிருந்து கொண்டுவந்தேனோ தெரியவில்லை. கிழித்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று பாஸ்டரம்மா இருந்த நாற்காலியிலிருந்து சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் பாஸ்டர் எழுந்தார். மேடை ஏறவில்லை. முன்வரிசையிலேயே திரும்பி நின்று, "எனக்குக் குரல் வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. உங்க எல்லார்கிட்டயும் மறைச்சுட்டேன். அது பொய். என்னை மன்னிச்சிடுங்க" என்றார். பாஸ்டரம்மா கேட்டுப் பழகிய எந்தத் தழுதழுப்பும் அதில் இல்லை. வாக்கியங்கள் மொட்டையாக வந்து விழுந்தன.

முதலில் ஒருவர் 'ஸ்தோத்திரம்' என்றார், குரல் வந்த சந்தோஷத்தில். பிறகுதான் சொன்னது புரிந்தது. படியில் சண்டை போட்டுச் சமாதானமான அண்ணன் தம்பியில் தம்பி எழுந்து வேகமாக வெளியே போய்விட்டான். படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே வரை கேட்டது. அவன் திரும்பி வரவில்லை.

பார்லர் அக்கா எழுந்து நின்றாள்.

"போன வாரம் விவாகரத்து நோட்டீஸ் வந்துச்சுன்னு உங்க வீட்டுக்கு வந்து அழுதேன், பாஸ்டர். நீங்க பலகையில 'ஜெபிக்கிறேன்'னு எழுதிக் காட்டினீங்க. உங்களால அப்பப் பேச முடியும்."

"முடியும்."

"எனக்குப் பிரசங்கம் வேணாம். ஒரு வார்த்தை. உங்க வாயால ஒரு வார்த்தை. வெறும் எழுத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போனேன்."

சபை நல்லபடி இருக்கட்டும் என்று பொத்தி வைத்த வாய், அந்தச் சபையில் ஒருத்தி அழுதபோதும் மூடியே இருந்திருக்கிறது. இதை நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. அவள் சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. பாஸ்டரம்மாவுக்கு எழுந்து போய்ப் பாஸ்டருக்காகப் பேச வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷமாக அதைத்தான் செய்திருக்கிறாள். இன்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கோவமா இருக்கு. அதை மறைச்சா நானும் பொய் சொன்னவனாயிடுவேன். கோவம் போகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனா உங்களை விடப்போறதில்ல. ஆண்டவர் என்னை விடல, நான் யாரு உங்களை விட? உட்காருங்க பாஸ்டர். இன்னைக்கு வாசிக்கிற முறை என்னோடது."

யாரோ சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் உட்கார்ந்தார். மூப்பர் வாசித்தார், தடுமாறித் தடுமாறி. அவர் பேசி முடிக்கும்வரை பாஸ்டர் மற்றவர்களைப்போலத் தலைகுனிந்து கேட்டார்.

7

ஆராதனை முடிந்தது. ஜனங்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். பார்லர் அக்கா மட்டும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும் எதிரே முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"இப்ப ஜெபம் பண்ணுங்க" என்றாள். "எனக்காக. வாயால."

பாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். அவர் வாயைத் திறந்தார்.

அவர் என்ன ஜெபித்தார் என்று எழுத உட்கார்ந்து, பல தாள்களைக் கசக்கிவிட்டேன். நான் எழுதியதெல்லாம் அழகாக இருந்தது. அதனால் பிசகாக இருந்தது. அவர் மறுபடி மேடை ஏறினாரா, போனவர்கள் வந்தார்களா என்றும் கேட்காதீர்கள். தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை.

ஒன்று மட்டும் தெரியும். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், கண்களை மூடாமல். அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டும். எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் மனசுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள்.